நடுவுல ஒரு பி.எஸ்சி.

பி.எஸ்சி. அப்ளிகேஷனுங்களா அது? எட்டிப் பாத்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் மடியில என்ன இருக்குதுன்னு பாக்கலீன்னா எனக்குக் காங்கேயம் வரைக்கும் பொழுது போகாது. விலங்கியல்னு டிக் அடிச்சிருக்கீங்க. மகளுக்குங்களா? நீட்டுல எவ்வளவு? முந்நூத்தித் தொண்ணூறா! பரவால்லீங்களே. எம் பொண்ணு மொத தடவ முந்நூத்தி எம்பத்தாறுதான்.

டிக் யாரு அடிச்சதுங்க, நீங்களா? அதானே பாத்தேன். அவ்வளவு அழுத்தமா அப்பன்தான் அடிப்பான். புள்ளைங்க அடிச்சா பேனா பட்டும் படாம இருக்கும்.

நடுவுல ஒரு பி.எஸ்சி. ஓடட்டும், அடுத்த வருஷம் டாக்டருக்குப் போயிரலாம், அதானே யோசனை? நல்ல யோசனைங்க. நானும் அதே யோசனைதான் பண்ணினேன். நம்ம பக்கத்துல எல்லா அப்பனும் அதேதான் பண்றான். ஒருத்தனக் கேட்டு ஒருத்தன் பண்றதில்லை, ஆனா எல்லாருக்கும் ஒரே யோசனை வருது. அவ்வளவு பெரிய மூளைங்க நமக்கு.

எம் பேரு சென்னியப்பன். ஊரு கரூரு. மருந்துக் கம்பெனியில ரெப்பு, இருபத்தாறு வருஷமாச்சு. கால்கிட்ட இருக்குதே, இந்த பேக்குதான் எம் பொழப்பு. டாக்டருங்க ரூமுக்கு வெளிய உக்காந்திருப்பேன். காய்ச்சல்காரன் உள்ள போவான், வயித்துவலிக்காரன் உள்ள போவான், எல்லாரும் போயி முடிஞ்சு டாக்டரு வீட்டுக்குக் கெளம்பறப்போ, கார் சாவியத் தேடிக்கிட்டே, "ம், சொல்லுய்யா சென்னியப்பா"ம்பாரு. அந்த ஒரு நிமிஷத்துல மூணு மாத்திரை, ஒரு டானிக்கு பத்தி நான் சொல்லி முடிக்கணும். முடிச்சிருவேன். எனக்கு அதெல்லாம் கஷ்டமே இல்லீங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்கறதில்லை. பொண்ணு பொறந்தன்னிக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவுலயே, இவ டாக்டருன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.

பேரு மிருதுளா. ஒரே பொண்ணு. மொத தடவ நீட்டுல பயாலஜி எரநூத்தி எழுவது, கெமிஸ்ட்ரி எம்பத்தஞ்சு, பிசிக்ஸ் முப்பத்தொண்ணு. நூத்தி எம்பதுக்கு முப்பத்தொண்ணுங்க! எனக்கு வந்த கோவத்துல, "கண்ண மூடிக்கிட்டுப் புள்ளி வெச்சிருந்தாக்கூட இதவிட நல்லா வந்திருக்குமே"ன்னேன். ஒரு துண்டுக் காகிதத்த எடுத்தா. என்னமோ எழுதினா. "இல்லப்பா, தப்புக்கு மைனஸ் மார்க் இருக்குதில்ல, கண்ண மூடிக்கிட்டு வெச்சா சராசரியா பதினொண்ணே கால்தான் வரும்"ங்கறா. நான் திட்டிட்டு நிக்கறேன், இவ கணக்குப் போட்டுக் காட்டறா. கால் மார்க்கு வரைக்கும்.

ஒரு வருஷம் வீட்டுலயே உக்காந்து படிக்கட்டும்னுதான் நான் சொன்னேன். எங்க வீட்டுக்காரி வசந்தாமணி, அவ பள்ளிக்கூடத்து டீச்சரு, அவதான் "புள்ளய ஒரு காலேஜுல போடுங்க, நாலு மனுசங்களப் பாக்கட்டும்"னா. சரி, போடலாம். எந்தப் பாடத்துல போடறது?

இங்கதாங்க நான் ஆராய்ச்சியில எறங்கினேன். நீங்க பாட்டுக்கு விலங்கியல்னு அடிச்சிட்டீங்க, நான் அப்படிப் பண்ணலை. பதினாலு டாக்டருங்களக் கேட்டேன். எனக்குக் கெடைக்கற ஒரு நிமிஷத்துல டானிக்கப் பத்திப் பேசாம பொண்ணப் பத்திப் பேசினேன்னா பாத்துக்கோங்க. தெய்வசிகாமணி டாக்டரு, நெஞ்சு டாக்டரு, எங்கிட்டப் பிரியமா இருப்பாரு, மாசத்துக்கு ஒருக்கா பேரு சொல்லிக் கூப்புடுவாரு, அவரு விலங்கியல்னாரு. பாதி நீட்டு அதுலயே ஓடிருமாம். இன்னொருத்தரு மைக்ரோபயாலஜின்னாரு. குழந்தை டாக்டரு பயோகெமிஸ்ட்ரின்னாரு. கண் டாக்டரு, "எதுல போட்டா என்னய்யா, எப்படியும் பாதியில விட்டுட்டுத்தான வரப் போறா"ன்னாரு. அவரு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எல்லாத்தையும் ஒரு தாளுல கட்டம் போட்டு எழுதினேன். எத்தனை பாடம் நீட்டோட ஒத்துப் போகுது, காலேஜு எத்தனை மணிக்கு விடும், கோச்சிங்குக்கு பஸ்ஸு இருக்குதா, இப்படி. அந்தக் கட்டத்துல எல்லாம் இருந்துச்சுங்க. மிருதுளாவுக்கு எது பிடிக்கும்னு ஒரு கட்டம் இல்லைன்னு வசந்தாமணி சொன்னா. தாளுல எடம் இல்லைங்க.

தாவரவியல மட்டும் நான் கட்டத்துலயே சேக்கலை. ஏன்னா நான் பி.எஸ்சி. தாவரவியல். எனக்கும் அப்போ டாக்டரு என்ட்ரன்ஸுல கொஞ்சத்துல போயிருச்சு. எங்கப்பா, "நடுவுல ஒரு வருஷம் இதுல இரு"ன்னு சேத்து விட்டாரு. அந்த நடுவுல இன்னும் முடியலைங்க.

சாப்பாட்டு மேஜையில தாள விரிச்சு, "விலங்கியலு கண்ணு, முடிவாயிருச்சு"ன்னேன். அவ தாளப் பாக்கவே இல்லை.

"அப்பா, எனக்கு பிசிக்ஸ்."

"முப்பத்தொண்ணு வாங்கினவளுக்கா?"

"முப்பத்தொண்ணு வாங்கினதாலதான்ப்பா. எங்க தப்பாச்சுன்னு பாக்கறதுக்கு ரிசல்ட்டுக்கு அப்புறம் புஸ்தகத்த எடுத்தேன். அதுக்கப்புறம் கீழ வெக்க முடியலை. வேற எதையும் படிக்கவே தோணலைப்பா."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. என்ன மூளை பாருங்க! பதினாலு டாக்டருக்குத் தோணாதது இவளுக்குத் தோணுது. எதுல மார்க்கு போச்சோ அதையே மூணு வருஷப் படிப்பா எடுத்துட்டா, அடுத்த நீட்டுல அந்த ஓட்டை அடைஞ்சு போயிருமில்லீங்களா? இப்படி ஒரு தந்திரம்! அன்னிக்கே பிசிக்ஸுக்கு டிக் அடிச்சேன். ஜில்லாவுல இருக்கற அத்தனை ஆஸ்பத்திரி வராந்தாவுலயும் சொன்னேன், எம் பொண்ணு போட்ட திட்டம் இதுன்னு.

காலேஜு சேந்தா. திட்டம் நல்லா வேலை செஞ்சுது. ரொம்பவே நல்லா செஞ்சுது. ஒரு நாள் எஞ் சாம்பிள் டானிக்கு பாட்டில் ஒண்ணையும் மாத்திரை அட்டை ஒண்ணையும் மொட்டை மாடியிலேருந்து ஒரே நேரத்துல கீழ போட்டா. எது மொதல்ல வருதுன்னு பாக்கறாளாம். கண்ணாடி பாட்டிலுங்க அது. வாசல் பூரா ஆரஞ்சு வாசம். "காத்து மட்டும் இல்லீன்னா ரெண்டும் ஒண்ணா விழுந்திருக்கும்ப்பா"ன்னு மாடியிலேருந்து கத்தறா, காத்து என்னமோ எங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு வீசற மாதிரி. பைக்குல பின்னால உக்காந்துக்கிட்டு, நான் பிரேக் புடிக்கறப்பெல்லாம் அவ எதுக்கு முன்னால சாயறான்னு எனக்கே வெளக்குவா. நல்லதுதான், நீட்டுல கேப்பாங்கன்னு நானும் கேட்டுக்குவேன்.

ரெண்டாவது தடவ எழுதினா. நானூத்தி எழுவத்தொண்ணு! பிசிக்ஸுல மட்டும் நூத்தி இருவத்தெட்டு. முப்பத்தொண்ணுலேருந்து நூத்தி இருவத்தெட்டுங்க. பயாலஜியில மட்டும் இருபத்திநாலு கொறைஞ்சிருந்துச்சு, அது ஏதோ கண் பட்டதுன்னு விட்டுட்டேன். சீட்டுக்கு இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. இன்னொரு தடவ எழுதினா உள்ள போயிரலாம். நான் சந்தோஷத்துல இருக்கறேன், இவ வந்து பக்கத்துல உக்காந்தா.

"அப்பா, அடுத்த வருஷம் எழுத வேண்டாமே. நான் இதுலயே போயிர்றேனே."

பாவம், படிச்சுப் படிச்சுச் சோந்து போச்சு புள்ளைன்னு நெனைச்சேன். உடனே பேக்கத் தொறந்து டானிக்க எடுத்தேன். காலையில ரெண்டு ஸ்பூனு, சாயங்காலம் ரெண்டு ஸ்பூனு. இரும்புச் சத்து, துத்தநாகம், எல்லாம் இருக்குது அதுல. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. குடிச்சா. மூணு பாட்டில் காலி பண்ணினா. அதுக்கப்புறம் வேண்டாம்ங்கற பேச்சே இல்லை. நல்ல டானிக்குங்க, நானே சொல்லக்கூடாது.

மூணாவது தடவைக்கு சென்டரு நாமக்கல்லு. நாந்தான் பைக்குல கூட்டிட்டுப் போனேன். காவேரிப் பாலத்துல போறப்போ பின்னாலேருந்து கேக்கறா.

"அப்பா, பிசிக்ஸ் மட்டும் எழுதட்டுமா?"

"தாராளமா எழுது கண்ணு. மொதல்ல அத முடிச்சிட்டா தைரியம் வந்துரும். அப்புறம் பயாலஜிக்குப் போ."

"அப்புறம் இல்லப்பா. பிசிக்ஸ் மட்டும்."

லாரிக்காரன் ஒருத்தன் ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தான். சரியாக் கேக்கலைங்க. சரி சரின்னேன்.

சாயங்காலம் வெளிய வந்தா பாருங்க, மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். ரெண்டு வருஷமா அப்படி ஒரு சிரிப்ப அவகிட்ட நான் பாக்கலை. எதிர்த்தாப்புல இருந்த ஓட்டல்ல மூணு பரோட்டா சாப்பிட்டா. எனக்கு அதுவே ரிசல்ட்டு மாதிரி. மறுநாளே தெய்வசிகாமணி டாக்டருகிட்ட, "உங்க ஜூனியரு தயாருங்க டாக்டரு"ன்னு சொல்லிட்டேன். "ம், ம்"னாரு. சாவியத் தேடிக்கிட்டிருந்தாரு.

அப்புறம் ஒரு நாள், அந்தப் புள்ளி வெக்கற தாளு இருக்குதில்லீங்க, அத ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பினாங்க. மெயில் எல்லாம் எம் போனுக்குத்தான் வரும், நாந்தான அப்ளிகேஷன் போட்டது. தொறந்து பாக்கறேன். பிசிக்ஸ் எடத்துல நாப்பத்தஞ்சு புள்ளியும் வரிசையா, கரும் எறும்பு போற மாதிரி. அதுக்கப்புறம் வெள்ளை. கெமிஸ்ட்ரி வெள்ளை. பயாலஜி வெள்ளை. வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்தவ மாவு தீந்து எந்திரிச்சுப் போன மாதிரி.

ஸ்கேனு தப்புன்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனைப்பாங்க? கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயி பெருசா பிரிண்ட் போட்டு வாங்கினேன். பெருசாவும் வெள்ளை. அங்க இருந்த பையன் "மிஷின் பாதியில நின்னிருக்கும் சார்"ன்னான். அதக் கேட்டவொடனே எனக்குத் தெம்பு வந்துருச்சு. மூணு நாள் உக்காந்து மனு எழுதினேன். மிஷினு தவறால ஒரு மாணவியோட எதிர்காலம் பாழாகுதுன்னு நாலு பக்கம். நல்லா இருந்துச்சுங்க மனு, படிச்சா உங்களுக்கே கண்ணு கலங்கும். கையெழுத்துக்கு அவகிட்ட நீட்டினேன்.

நாலு பக்கத்தையும் முழுசாப் படிச்சா. மடிச்சு எங்கிட்டயே குடுத்தா.

"மிஷின் தப்பு இல்லப்பா. நாந்தான் எழுதலை."

"தெரியலையா?"

"தெரியும்ப்பா. பயாலஜி நெறையத் தெரியும். எழுதினா சீட்டு கெடைச்சிரும்னு தோணுச்சு. அதான் எழுதலை."

பிசிக்ஸுல நூத்தி எழுவது வந்துச்சுங்க பின்னால. நூத்தி எம்பதுக்கு நூத்தி எழுவது. மொத்தமே அதுதான். எழுநூத்தி இருவதுக்கு நூத்தி எழுவது. ஊரே கேக்குது எவ்வளவுன்னு. நான் என்ன சொல்லுவேன்?

அன்னிக்குக் கத்தினேன். அப்பனாப் பொறந்தவன் கத்தத்தான் செய்வான். "இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லறதுக்கு என்ன? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தீன்னா"ன்னு நான் கேக்கறேன். "சொன்னேன்ப்பா"ங்கறா. "எப்போ சொன்ன?"ங்கறேன். அப்ளிகேஷன் போடறப்போ சொன்னாளாம், ரெண்டாவது ரிசல்ட்டன்னிக்குச் சொன்னாளாம், பாலத்து மேல சொன்னாளாம். நீங்களே நியாயம் சொல்லுங்க, அதெல்லாம் சொல்றதுல சேத்தியா? சொல்றதுன்னா உக்கார வெச்சு, தெளிவா, ஒரு மனுசன் புரிஞ்சுக்கற மாதிரிச் சொல்லணும். வசந்தாமணி அடுப்பு பக்கத்துலேருந்து திரும்பாமயே, "தெளிவாச் சொல்லியிருந்தா டானிக்க மூணு ஸ்பூனா ஏத்தியிருப்பீங்க"ன்னா. டீச்சருங்க எல்லாம் இப்படித்தாங்க, ஒரு வார்த்தை கூடப் பேசாம இருப்பாங்க, பேசினா இப்படி.

அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் அவகூடப் பேசலை. பேசலைன்னா ஒரேடியா இல்லை. "உம் பொண்ணச் சாப்பிடச் சொல்லு", "உம் பொண்ணுக்கு பஸ்ஸு நேரமாச்சு", இப்படி வசந்தாமணி வழியா. அவ பாட்டுக்குப் படிச்சா. மூணாவது வருஷம். காலேஜுல ஏதோ பரிசு குடுத்தாங்க, வாங்கிட்டு வந்து டி.வி. மேல வெச்சா. நான் பாக்கலைங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னா, எங்க பக்கத்து நாலு ஜில்லா காலேஜுல இயற்பியல் கட்டுரைப் போட்டியில மொதப் பரிசு, தேதியும் போட்டிருந்துச்சு, காலேஜு முதல்வர் பச்சை மையில கையெழுத்து. நான் பாக்கவே இல்லை.

பிப்ரவரியில மறுபடி நீட்டு அறிவிப்பு வந்துச்சு. பேப்பர மடிச்சு அவ தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். பேசலை, வெச்சேன், அவ்வளவுதான்.

"நான் எழுத மாட்டேன்ப்பா"ன்னா. இந்தத் தடவ தெளிவாத்தான் சொன்னா.

எட்டு மாசமாப் பேசாதவன் பேசிட்டேன். "கையில வந்தத வெள்ளையா விட்டுட்டு வந்தவதான நீ! எனக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கெடைச்சிருந்தா எழுதிக் காட்டியிருப்பேன்"னேன்.

"எழுதுங்கப்பா."

"என்ன?"

"வயசு வரம்பு கெடையாதுப்பா. எடுத்துட்டாங்க. பிளஸ் டூவுல பயாலஜி படிச்சிருந்தாப் போதும். நீங்க படிச்சிருக்கீங்க."

நக்கலாச் சொல்றாளோன்னு மொகத்தப் பாத்தேன். நக்கல் இல்லைங்க. வசந்தாமணி தோசையக் கொண்டு வந்து தட்டுல போட்டுட்டு, "போட்டோ வெள்ளை பின்னணியில இருக்கணுமாம், இருக்குதா?"ன்னா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. சொன்ன வார்த்தைய எப்படிங்க திரும்ப வாங்கறது? இருந்த கோவத்துல, "போடு அப்ளிகேஷன, பாத்துருவோம்"னேன். அம்பத்திரண்டு வயசுல, சாப்பிட்ட கையக் கழுவிட்டு வந்து அப்ளிகேஷனுக்கு ரேகை வேணும்னு பத்து விரலையும் மையில முக்கி வெச்சேன்.

படிச்சேனுங்க. சிரிக்காதீங்க. பயாலஜி நமக்குத் தண்ணி பட்ட பாடுன்னு நெனைச்சேன், தாவரவியல் பட்டதாரியாச்சே. புஸ்தகத்தத் தொறந்தா, காளான் தாவரம் இல்லைங்கறான். எங்க காலத்துல அது தாவரம்! அதுல எனக்கு எழுவத்தெட்டு மார்க்கு! எப்போ மாத்தினாங்க, யாரக் கேட்டு மாத்தினாங்கன்னு தெரியலை. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து கைடு படிச்சேன். தெய்வசிகாமணி டாக்டரு பாத்துட்டு, "என்னய்யா, பொண்ணு மறுபடி எழுதறாளா?"ன்னாரு. "ஆமாங்க டாக்டரு"ன்னேன். வேற என்ன சொல்ல, உங்க ஜூனியரு நாந்தாங்கன்னா சொல்ல முடியும்?

தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மிருதுளா எனக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுப்பா. அவ ஆரம்பிப்பா, நான் தூங்கிருவேன். எழுப்புவா. கோவிச்சுக்கவே மாட்டா, அதான் எனக்கு இன்னும் கடுப்பு. "இதெல்லாம் டாக்டருக்கு எதுக்கு?"ம்பேன். "டாக்டருக்கு இல்லப்பா, சும்மாத் தெரிஞ்சுக்க"ம்பா. சும்மாத் தெரிஞ்சுக்கறதாம்.

போன மாசம்தான் பரீட்சை. மறுபடி நாமக்கல்லு. இந்தத் தடவ பஸ்ஸுல போனோம், அவ எனக்குத் தொணை. கேட்டுல இருந்த செக்யூரிட்டி, "பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க"ன்னான். ஹால் டிக்கெட்ட நீட்டினேன். "பாப்பாவோடதக் காட்டுங்க சார்"ன்னான். "அது அப்பாவோடதுதாங்க"ன்னு மிருதுளா சொன்னா. அவன் டிக்கெட்டப் பாத்தான், என்னையப் பாத்தான், அவளப் பாத்தான். வாட்சக் கழட்டச் சொன்னான், பெல்ட்டக் கழட்டச் சொன்னான், ஷூவக் கழட்டச் சொன்னான். எல்லாத்தையும் மிருதுளா வாங்கி மடியில வெச்சுக்கிட்டு வேப்ப மரத்தடியில உக்காந்தா, மத்த அப்பா அம்மாவுங்களோட சேந்து. "பயப்படாதீங்கப்பா, தெரிஞ்சத மட்டும் எழுதுங்க"ன்னா. அவளுக்கு நான் ஒரு தடவ கூட அப்படிச் சொன்னதில்லைங்க. ஒண்ணையும் விடாதன்னுதான் சொல்லுவேன்.

உள்ள போனா, பசங்க பொண்ணுங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு "குட் ஆஃப்டர்நூன் சார்"ங்குது. என்னைய மேற்பார்வையாளருன்னு நெனைச்சிருச்சுங்க. நான் போயி அதுங்க நடுவுல உக்காந்தவொடனே ஒரே சிரிப்பு. உக்காரறதுக்கே பெஞ்சு பத்தலை, முட்டி இடிக்குது.

ஒரு மணி நேரத்துல எனக்குத் தெரிஞ்சது தீந்து போச்சு. பயாலஜியில கொஞ்சம், கெமிஸ்ட்ரியில கொஞ்சம். பிசிக்ஸ் பூரா வெள்ளை. வெளிய விடமாட்டாங்க, மூணு மணி நேரமும் உக்காந்தாகணும். மேல ஃபேனு சுத்துது. அந்த வெள்ளைக் கட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரியாததுனால சும்மா உக்காந்திருக்கறதே இவ்வளவு கஷ்டமா இருக்குதே, அவ தெரிஞ்சு வெச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்தா. கேள்வி கண்ணு முன்னால இருக்குது, பதில் தெரியுது, பேனா கையில இருக்குது. எத்தனை தடவ கை போயிருக்கும்? எத்தனை தடவ இழுத்துப் பிடிச்சிருப்பா? ரெண்டு மணி நேரமுங்க. அதுவும் வெளிய நான் நிக்கறேன்னு தெரிஞ்சுக்கிட்டே.

சரி விடுங்க. உள்ள வெக்கை வேற, அதுல என்னென்னமோ தோணுது.

ரிசல்ட்டு வந்துருச்சு, தொண்ணூத்தி நாலு. கேள்வித்தாளு ரொம்ப மோசமுங்க இந்த வருஷம், எல்லாரும் சொல்றாங்க. மிருதுளா எம்.எஸ்சி. பிசிக்ஸ் போறா. வெளி மாநிலத்துல பெரிய இடமாம், அதுக்கும் ஒரு என்ட்ரன்ஸு இருக்குதாம். அவளே அப்ளிகேஷன் போட்டிருக்கறா, அவளே எழுதியிருக்கறா, அவளே பாஸாயிட்டா. என்னைய ஒரு கட்டம் போடக்கூடக் கூப்புடலை.

ஆனா பரீட்சையன்னிக்கு ஒண்ணு நடந்துச்சுங்க. அதச் சொல்லிடறேன். மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி, பிசிக்ஸுல ஒண்ணாவது போட்டுட்டுப் போவோம்னு தேடினேன். ஒரு கேள்வி எனக்கே புரியற மாதிரி இருந்துச்சு. ஒரு லென்ஸோட பாதியக் கறுப்புக் காகிதத்தால மறைச்சா, அது காட்டற பிம்பம் என்னாகும்? இதுல என்ன இருக்குது? பாதிய மறைச்சாப் பாதிதான் தெரியும். அழுத்தமாப் புள்ளி வெச்சேன், கேள்வித்தாளுலயும் டிக் அடிச்சேன்.

வெளிய வந்தவொடனே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பேக்கரியில டீ சொல்லிட்டு உக்காந்தோம். கேள்வித்தாள வாங்கி பிசிக்ஸப் புரட்டினா. நாப்பத்தஞ்சுல ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கேன்னு பாத்துட்டு அவளுக்கு ஒரே சந்தோஷம். எதுன்னு பாத்தா. உதட்டக் கடிச்சா.

"தப்புப்பா. மைனஸ் ஒண்ணு."

"எப்படித் தப்பாகும்? பாதிய மறைச்சாப் பாதிதான தெரியும்?"

"கண்ணாடியக் குடுங்க."

எம் மூக்குலேருந்து படிக்கற கண்ணாடியக் கழட்டிக்கிட்டா. எந்திரிச்சு உள்பக்கத்துச் சுவருகிட்டப் போனா. வெள்ளைச் சுவரு, அந்த மூலை கொஞ்சம் இருட்டு. சுவத்துலேருந்து ஒரு முழம் தள்ளி கண்ணாடியப் பிடிச்சா. முன்னால இழுத்தா, பின்னால தள்ளினா. தட்டுல பஃப்ஸ் அடுக்கிட்டிருந்த ஆளு வேலைய விட்டுட்டுப் பாக்கறான். திடீர்னு சுவத்துல ரோடு வந்துருச்சுங்க. வெளிய இருக்கற ரோடு, மரம், டீக்கடை போர்டு எல்லாம் கலரா, மங்கலா, தலைகீழா. நான் எந்திரிச்சுக் கிட்டப் போயிட்டேன்.

"இப்பப் பாருங்க"ன்னு சொல்லி கட்டைவிரலால கண்ணாடியோட பாதிய மூடினா. "ரோடு பாதி போச்சாப்பா?"

போகலைங்க. முழுசா இருக்குது. மரம் இருக்குது, போர்டு இருக்குது. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கம்மி.

"லென்ஸோட எந்தத் துண்ட எடுத்தாலும் அதுக்குள்ள மொத்தமும் வரும்ப்பா"ன்னு சொல்றா. அவ சொல்லிக்கிட்டே போறா, நான் சுவத்தப் பாத்துக்கிட்டே நிக்கறேன். டீ ஆறிப் போச்சு. அப்போ அந்தச் சுவத்து மேல, ஒரு சாண் நீளத்துக்கு, சக்கரம் மேலயும் கூரை கீழயுமா, ஒரு பச்சை பஸ்ஸு மெதுவா நகந்து போச்சுங்க. எங்க கரூரு பஸ்ஸு அது. அடுத்ததுக்கு முக்கா மணி நேரமாகும். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லலை.